குயில்ட் தைக்க மெஷின் வாங்குகிறீர்களா? கடையிலேயே சோதியுங்கள்

எத்தனை டிசைன் தையல் வரும் என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட்; அதற்கு ஒழுங்கான நேர்த்தையல் ஒன்றே போதும். முதலில் அளக்க வேண்டியது ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் உள்ள இடைவெளி. சாதாரண வீட்டு மெஷின்களில் இது 6, 7 அங்குலம்தான். பெரிய போர்வையைச் சுருட்டி உள்ளே தள்ளும்போது திணறும். 8 அங்குலத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி.

கடைக்குப் போகும்போது இரண்டு காட்டன் துணிக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்த ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள். 90/14 அளவு ஊசி, 3 மி.மீ. தையல் நீளம் வைத்து, துணி மடிப்புகள் ஒன்றுசேரும் தடித்த இடத்தின் மேல் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அங்கே மோட்டார் முனகி நின்றால் அந்த மெஷின் வேண்டாம். மேல் துணி மட்டும் முன்னால் நகர்ந்து சுருங்கினால் அது மெஷினின் குறையல்ல. மேல் துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டால் சரியாகும். அது அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல்நூலை மறுபடி கோர்த்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் அது உட்காராது.

வளைவு டிசைன்களைக் கையால் நகர்த்தித் தைக்க, துணியைத் தள்ளும் பல்லை இறக்கும் வசதியோ மூடும் தகடோ அவசியம். பட்ஜெட் குறைவென்றால், நல்ல நிலையில் உள்ள பழைய இரும்பு பாடி நேர்த்தையல் மெஷினைத் தயங்காமல் வாங்கலாம்.