கழனி நண்டு: தாய் நண்டிடம் செய்யக்கூடாத தவறுகள்

காவேரிப்பாக்கம் ஏரி பாயும் கழனிகளில் நல்ல மழைக்கு மறுநாள் வரப்பில் நடந்தால், வளை வாயில் ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். அப்படி ஒரு வளையிலிருந்து வந்த பெண் நண்டை முதுகைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றின் மேல் மடங்கியிருந்த அகன்ற மடல் லேசாக விலகியது. உள்ளே கம்பு மணி அளவில் குஞ்சுகள். காலும் கொடுக்குமாக முழு நண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடைசலாக இருந்தன. இரண்டு நழுவி என் உள்ளங்கையில் ஓடின. தாய் உடனே மடலை இறுக்கிக்கொண்டது.

குஞ்சுகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், பெற்றதும் தாய் செத்துவிடும் என்று நம் பக்கத்தில் சின்ன வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். நண்டு, சிப்பி, மூங்கில், வாழை நான்கும் ஈன்றால் சாகும் என்று பழம்பாட்டே உண்டு. வாழைக்கு அது சரி, பெரும்பாலான மூங்கிலுக்கும் சரி. நண்டுக்குச் சரியில்லை. முட்டை உடம்பை விட்டு வெளியே வந்து, மடலுக்கு அடியில் இருக்கும் 4 ஜோடிச் சின்னக் கால்களின் மயிரில் ஒட்டிக்கொள்கிறது. பொரிப்பதும் அங்கேதான். குஞ்சுகள் இறங்கிய பிறகு தாய் பழையபடி இரை தேடப் போகும், மறுபடி முட்டையும் இடும். ‘எப்படியும் சாகப் போகிறதுதானே’ என்று முட்டை நண்டைக் கூடையில் போடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

கடல் நண்டோடு சேர்த்து எண்ணுவதால்தான் இந்த அலட்சியம் வருகிறது. கடலோரக் கழிமுகத்தில் வாழும் சேற்று நண்டு ஒரு ஈட்டில் 10 லட்சத்துக்கு மேலும் முட்டை இடும். அதன் குஞ்சு பொரிக்கும்போது நண்டு போலவே இருக்காது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத புழுவாக நீரில் மிதந்து, பல தடவை உருமாறித்தான் நண்டாகும். வழியில் பெரும்பாலானவை மீனுக்கு இரை. கழனி நண்டு இடுவது சில நூறு முட்டைகள் மட்டுமே. ஆனால் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கரு நிறைய. உருமாற்றம் எல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, வெளியே வரும்போதே குட்டி நண்டு. கரு கரையக் கரைய முட்டையின் ஆரஞ்சு நிறம் மங்கிப் பழுப்பாகும். முட்டைகளே குறைவு என்பதால் ஒரு தாயைப் பிடித்தால் அந்த வரப்பின் அடுத்த தலைமுறையில் ஒரு நல்ல பங்கு போய்விடும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் கல் உப்பு போடுவதும் இதே குழப்பம்தான். குஞ்சு பொரிக்க உப்புத் தண்ணீர் வேண்டும் என்பது கடலுக்குப் போய் முட்டை பொரிக்கும் நண்டுகளுக்கு. இதற்கு வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் வைத்து ஊற்றினால் போதும். அப்புறம், மீன் தொட்டி போல விளிம்பு வரை நிரப்பக் கூடாது. இது தண்ணீரிலும் காற்றிலும் மூச்சு விடும் உயிர். ஏறி உட்காரக் கல்லோ மண்மேடோ இல்லாமல் தேங்கிய தண்ணீரிலேயே கிடந்தால், பிராணவாயு குறையும்போது நண்டும் மூச்சுத் திணறிச் சாகும். மீன் நோய்க்கான செம்பு கலந்த மருந்து பக்கத்திலேயே வரக் கூடாது, நண்டுக்கு அது விஷம்.

ஆணா பெண்ணா என்று பார்க்காமல் மடல் உப்பியிருப்பதை எல்லாம் முட்டை என்று நினைப்பவர்களும் உண்டு. மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வயிற்றையே மூடினால் வளர்ந்த பெண். பார்க்க வேண்டுமானால் மெதுவாகத் திருப்பினால் போதும். மடலை நகத்தால் நெம்பக் கூடாது, முட்டைகள் கொத்தாகப் பிய்ந்துவிடும். பிய்ந்த முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பொரிக்க வைப்பது வீட்டில் நடக்காது. தாய்தான் மடலை அசைத்து அசைத்து அதற்குப் புதுத் தண்ணீர் காட்டுகிறது, பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்கிறது.

குஞ்சுகளைச் சீக்கிரம் பிரிப்பது இன்னொரு தவறு. பொரித்த பிறகும் சில நாள் அவை மடலுக்குள்ளேயே இருக்கும். தானாக இறங்கட்டும். இறங்கிய பிறகு மட்டும் தாமதிக்காதீர்கள், மற்றப் பெரிய நண்டுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். நண்டு நண்டையே தின்னும். குஞ்சுகளுக்குள்ளும் அப்படித்தான், ஓட்டுச் சில்லு, காய்ந்த இலை என்று ஒளிய இடம் வேண்டும்.

ஓடு கழற்றும் நாளில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். காலையில் தொட்டியில் அசையாமல் ஒரு நண்டு கிடக்கும், செத்துவிட்டது என்று தூக்கி எறிவார்கள். அது வெறும் கூடு. உள்ளே இருந்த நண்டு பஞ்சு மாதிரி மெத்தென்று கல்லடியில் பதுங்கியிருக்கும். கூட்டை அங்கேயே விடுங்கள். அதிலிருக்கும் சுண்ணாம்புக்காக நண்டே அதைத் தின்னும்.

கழனிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். நண்டு வரப்பைத் துளைக்கிறது, நாற்றை வெட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வளைக்குள் குருணை மருந்து போட்டால் மடலில் சுமக்கும் குஞ்சுகளோடு தாய் சாகும், அந்தத் தண்ணீரே கால்வாய் வழியாக அடுத்த கழனிக்கும் போகும். வளையைக் களிமண் வைத்து மிதித்து அடையுங்கள், கசிகிற இடத்தில் மட்டும். நாற்று வேர்பிடித்து தண்டு முற்றியதும் நண்டு வெட்டுவது தானாகவே குறையும்.