சமர் முழுக்கப் படுத்த ஸ்நோமொபைல் ஸ்டார்ட் ஆகேல்லையா? கயிறை இழுத்துத் தோளைக் கழட்டாதேங்கோ

முதல் ஸ்நோ கொட்டின உடனை எல்லாரும் செய்யிற வேலை ஒண்டுதான், கராஜுக்குள்ள போய் கவரை உரிஞ்சு போட்டு ஸ்டார்ட்டர் கயிறைப் பிடிச்சு இழு இழு எண்டு இழுக்கிறது. நானும் ஒருக்கா அப்பிடித்தான் நாப்பது தரம் இழுத்து, வேர்த்து ஜாக்கெற்றையும் கழட்டிப் போட்டு, பிறகும் இழுத்து, கடைசியில பாத்தா டெதர் கயிறின்ர (ஆள் விழுந்தா எஞ்சினை நிப்பாட்டுற பாதுகாப்புக் கயிறு) மூடி வடிவா மாட்டுப்படேல்லை. மனிசி தேத்தண்ணிக் கோப்பையோட கதவடியில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ, ஒரு சொல்லும் சொல்லேல்லை, அதுதான் பெரிய அவமானம். அதால முதல் டெதர், பிறகு எஞ்சினை நிப்பாட்டுற கில் சுவிட்ச், பிறகு பெற்றோல் டாப் இருந்தா அது திறந்திருக்கோ எண்டு பாருங்கோ. ஒரு நிமிச வேலை.

நான் இங்க சொல்லுறது காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற சாமான்) இருக்கிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு. ரொறொன்ரோப் பக்கம் மார்க்கம், ஸ்காபரோ கராஜுகளில கிடந்து டிசம்பர்ல ட்ரெய்லர்ல வடக்க ஹாலிபேர்ட்டன் பக்கம் போற வண்டிகளில கன வண்டி இந்த வகைதான்.

இழுக்க முதல் எலியைப் பாருங்கோ, பகிடி இல்லை. எஞ்சினுக்குக் காத்து போற ஏர்பொக்ஸைத் திறந்து பாருங்கோ, சைலன்சர் வாயுக்குள்ள ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. எனக்கு ஒரு வருசம் ஏர்பொக்ஸுக்குள்ள ரெண்டு கை நிறைய நாய்ச் சாப்பாடு, அதுக்கு மேல சீற் பஞ்சை உதிர்த்து மெத்தை போட்டுக் கிடந்தது. நான் கவனிக்காம ஸ்டார்ட் பண்ணியிருந்தா அவ்வளவும் காபரேட்டருக்குள்ள போயிருக்கும். வயர் கடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ, ஸ்பார்க் பிளக் வயரும் சுவிட்ச் வயரும் எலிக்குச் சரியான விருப்பம்.

அடுத்தது பெற்றோல். ஒரு வெறும் ஜாம் போத்தல்ல டாங்க் அடியில இருந்து கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில பிடியுங்கோ. பிளேன்ரீ நிறத்தில, வார்னிஷ் மாதிரி மணந்தா அது செத்த பெற்றோல். போத்தலுக்கு அடியில தனியா ஒரு படை நிண்டா இன்னும் மோசம், ஏனெண்டா ஒன்ராறியோவில ரெகுலர்ல 10 வீதமளவுக்கு எத்தனோல் கலக்கிறவை, அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், கனக்கத் தண்ணி சேர்ந்தா எத்தனோலும் தண்ணியும் ஒண்டாச் சேர்ந்து கீழ இறங்கிடும், பெற்றோல் எடுக்கிற குழாயும் அந்த அடியிலதான் கிடக்கு. பழசுக்கு மேல புதுசை ஊத்திச் சமாளிக்கப் பாக்காதேங்கோ, ஸ்டெபிலைசரும் இப்ப ஊத்திப் பிரயோசனம் இல்லை, அது நல்ல பெற்றோலைப் பழுதாகாமக் காக்கும், பழுதானதைத் திருப்பி நல்லதாக்காது. முழுக்க இழுத்து எடுத்து, கழிவு எடுக்கிற டெப்போவில குடுத்திட்டுப் புதுசு அடியுங்கோ.

இப்ப இழுக்கலாம், ஆனா ஒரு விசயம். சோக்கை முழுக்கத் தூக்கினா த்ரொட்டில்ல, அதாவது அக்ஸிலரேட்டர்ல, கை வைக்கப்படாது. கனபேர் பயத்தில கொஞ்சம் அமத்திப் பிடிப்பினம், அதாலதான் ஸ்டார்ட் ஆகாது. இந்தக் காபரேட்டர்களில சோக் எண்டுறது காத்தை மறிக்கிற தகடு இல்லை, தனி வழியால கூடப் பெற்றோல் விடுற ஒரு வால்வு, த்ரொட்டிலால ஏறி இறங்குற ஸ்லைட் முழுக்க மூடிக் கிடந்தாத்தான் அந்த வழியால உறிஞ்சும். த்ரொட்டிலைத் தொட்டா அந்த உறிஞ்சல் போயிடும். அப்பிடி ஒரு ஏழெட்டுத் தரம் இழுத்தும் இருமக்கூட இல்லையெண்டா நிப்பாட்டுங்கோ.

பிளக் ரெண்டையும் கழட்டுங்கோ. காய்ஞ்சு கிடந்தா பெற்றோல் வரேல்லை. நனைஞ்சு கிடந்தா ஒண்டில் ஸ்பார்க் இல்லை, இல்லாட்டி நீங்கள் இழுத்து இழுத்து எஞ்சினுக்குள்ள பெற்றோல் வெள்ளம் போட்டுட்டியள். ஒயில் பிசுக்கு எண்டா போன ஏப்ரல்ல எஞ்சின் துருப்பிடிக்காம அடிச்ச ஃபொகிங் ஒயிலா இருக்கும், பயப்பிட வேண்டாம், ஆனா அந்தப் பிளக்கைத் துடைச்சுப் போடுறதைவிடப் புதுசு போடுறது நல்லம், மனுவல்ல சொன்ன நம்பர்தான் போடவேணும். வெள்ளம் எண்டா சோக்கைக் கீழ இறக்கி ஓஃப் பண்ணி, பெற்றோல் டாப்பைப் பூட்டி, பிளக் இல்லாமக் கொஞ்சத் தரம் இழுத்து விடுங்கோ. இழுக்கேக்க பிளக்கை வயரோட மாட்டி எஞ்சின் இரும்பில தொடவச்சிருக்க வேணும், ஓட்டைக்குக் கிட்ட வைக்காதேங்கோ, வாற ஆவி பத்தும். இருட்டுக்க பாத்தா நீலமாத் தெறிக்கிறது தெரியும். தெறிச்சா ஸ்பார்க் சரி.

அடுத்தது தேக்கரண்டிச் சோதனை, எனக்கு இதுதான் எல்லாத்திலும் பெரிசு. 200 மில்லி புதுப் பெற்றோலுக்கு 5 மில்லி டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்து, ஒவ்வொரு பிளக் ஓட்டைக்குள்ளயும் அரைத் தேக்கரண்டி விட்டு, பிளக்கைத் திருப்பி இறுக்கி, சிந்தினதைத் துடைச்சுப்போட்டு இழுங்கோ. ரெண்டு மூண்டு செக்கன் 'பா பா பா' எண்டு ஓடி நிண்டா உங்களுக்குப் பாதிப் பிரச்சினை முடிஞ்சுது, ஸ்பார்க்கும் கொம்பிரஷனும் (பிஸ்டன் அமத்துற அழுத்தம்) இருக்கு, பெற்றோல்தான் வந்து சேரேல்லை. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதேங்கோ, கன ஸ்ப்ரேயில ஒயில் இல்லை, சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஒயிலையும் கழுவிக்கொண்டு போயிடும்.

பெற்றோல் வரேல்லை எண்டா அனேகமா பைலட் ஜெட் அடைப்பு. ஐடில்ல, அதாவது த்ரொட்டில் தொடாம சும்மா ஓடேக்க, எஞ்சின் பெற்றோல் குடிக்கிறது இந்த ஓட்டையாலதான், அரை மில்லிமீற்றரும் வராது, ஒரு சீனிக் கல்லு போனாலே அடைபடும், அதுக்குள்ள எட்டு மாசம் பெற்றோல் காய்ஞ்சா பேந்து என்ன.

காபரேட்டரைக் கழட்ட முதல் நாலு பக்கத்தாலும் படம் எடுங்கோ. ஏர்பொக்ஸைக் கழட்டி, கிளாம்பைத் தளர்த்தி, காபரேட்டரை வெளிய இழுங்கோ, ஒயில் பம்ப் கேபிளையோ ஒயில் குழாயையோ கழட்டத் தேவை வந்தா திருப்பிப் பூட்டேக்க காத்துக் குமிழ் இல்லாம வெளியேத்த வேணும், இல்லாட்டி எஞ்சின் ஒயில் இல்லாம ஓடி இறுகிடும். மிகூனி கம்பனிக் காபரேட்டர் எண்டா, பெற்றோல் நிக்கிற அடிக் கோப்பையின்ர ஸ்குரூ ஜப்பான் ஜே.ஐ.எஸ். வகை, சாதாரண நட்சத்திர ஸ்குரூ ட்ரைவரைப் போட்டா தலை மொட்டையாகும், எனக்கு ரெண்டு போட்டுது. கோப்பையைத் திறந்தா பச்சைக் களிம்பு மாதிரி இருந்தா ஆச்சரியப்படாதேங்கோ. பைலட் ஜெட் ஒரு குழிக்குள்ள ஆழமாக் கிடக்கும், அதுக்குச் சரியா பொருந்துற ஒடுக்கமான ஸ்குரூ ட்ரைவர் வேணும், பித்தளை எண்டபடியா வழுக்கினா போச்சு.

கழட்டின ஜெட்டை பல்ப்புக்கு நேர பிடியுங்கோ. என்ர வலப்பக்க ஜெட்டில வட்டமா ஒரு வெளிச்சப் புள்ளி தெரிஞ்சுது, இடப்பக்கத்தில ஒண்டுமே இல்லை, முழு இருட்டு. காபரேட்டர் கிளீனர்ல ஊறவச்சு, பழைய வயரில இருந்து ஒரு மெல்லிய செப்பு இழை எடுத்து மெதுவா விட்டு, பிறகு காத்து அடிச்சன், அந்தப் புள்ளி வந்தது, அந்தச் சந்தோசத்துக்கு விலை இல்லை. ஊசி, ட்ரில் ஒண்டும் விடாதேங்கோ, ஓட்டை பெருத்தா ஜெட் குப்பைக்கு. ஸ்ப்ரே அடிக்கேக்க கண்ணாடி போடுங்கோ, ஒரு ஓட்டையால அடிச்சா இன்னொரு ஓட்டையால நேர கண்ணுக்குத்தான் வரும். றப்பர் சாமான்களை முதலே கழட்டி வையுங்கோ. ஐடிலுக்குக் காத்து அளவை வைக்கிற ஏர் ஸ்குரூவைக் கழட்ட முதல் மெதுவா உள்ள முட்டும்வரை திருப்பி எத்தனை சுத்து எண்டு எழுதுங்கோ, அதே கணக்கில திருப்பிப் போடவேணும்.

ஆனா கனபேர் விடுற இடம் ஒண்டு இருக்கு. அடிக் கோப்பையின்ர ஓரத்தில ஒரு சின்னத் துவாரம், கன மிகூனிகளில சோக்குக்குப் பெற்றோல் போறது அதாலதான். அது அடைச்சா சூடானபிறகு வண்டி வடிவா ஓடும், குளிருக்க மட்டும் உயிரை எடுக்கும். ஜெட்டெல்லாம் கிளீன் பண்ணினன், இன்னும் காலமை ஸ்டார்ட் ஆகுதில்லை எண்டு சொல்லுற ஆக்கள் இதைப் பாருங்கோ.

காபரேட்டர் சுத்தம், ஆனா கோப்பைக்குப் பெற்றோலே வரேல்லை எண்டா குழாய்களைப் பாருங்கோ. பெற்றோல் பம்ப் எஞ்சினுக்குள்ள உண்டாகிற அழுத்தத் துடிப்பாலதான் வேலை செய்யும், எஞ்சின்ர அடிப்பகுதியான கிராங்க்கேஸில இருந்து அதுக்கு ஒரு சின்னக் குழாய் வரும், அது வெடிச்சா பம்ப் செத்தமாதிரி. டாங்குக்குள்ள கிடக்கிற ஃபில்டரும் ஊத்தை பிடிக்கும்.

தேக்கரண்டி விட்டும் இருமலும் இல்லை, ஸ்பார்க்கும் இருக்கு எண்டா கொம்பிரஷன் கேஜ் ஒண்டு வாங்குங்கோ. ரெண்டு பிளக்கும் கழட்டி, த்ரொட்டிலை முழுக்கத் திறந்து, முள்ளு நிக்கும்வரை இழுங்கோ. கன எஞ்சினுக்கு 120 பி.எஸ்.ஐ. அளவில வந்தா நல்லம், அதைவிட ரெண்டு சிலிண்டருக்கும் இடையில 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கப்படாது. இருந்தா மெக்கானிக்கிட்ட கொண்டு போங்கோ, அது கராஜில ஒரு சனிக்கிழமையில முடியிற வேலை இல்லை.

காபரேட்டர் இல்லாத இஞ்செக்ஷன் வண்டி வச்சிருக்கிறவை, உங்களுக்கு பற்றரி இருந்தா முதல் அதைச் சார்ஜ் பண்ணுங்கோ, கீ போட்ட உடனை பம்ப் 'ஙீ' எண்டுற சத்தம் கேக்க வேணும்.

ஸ்டார்ட் ஆனா கராஜ் கதவு முழுக்கத் திறந்து கிடக்கட்டும், அந்தப் புகை ஆளைக் கொல்லும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில வச்சா பின்னால ஒருத்தரும் நிக்கப்படாது, ட்ராக்கில இருந்து கல்லு பறந்தா துவக்குக் குண்டுதான். எஞ்சினுக்கும் காபரேட்டருக்கும் இடையில இருக்கிற றப்பர் குழாயை எஞ்சின் ஓட முதலே விரலால மடிச்சு வெடிப்புப் பாருங்கோ, அதால காத்து உள்ள போனா பெற்றோல் குறைஞ்சு பிஸ்டன் உருகும்.

இவ்வளவும் ஏப்ரல்ல அரை மணித்தியாலம் சோம்பல் பட்டதுக்கான தண்டனை. டாங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் விட்டு, அது காபரேட்டர்வரை போறதுக்கு ஒரு பத்து நிமிசம் ஓட்டி, ஃபொகிங் ஒயில் அடிச்சு நிப்பாட்டி, கோப்பைகளை வடிச்சு விடுங்கோ. சைலன்சர் வாயை எலி போகாம கம்பிப் பஞ்சால அடையுங்கோ. அடைச்ச உடனை 'பஞ்சை எடு' எண்டு ஒரு துண்டில எழுதி டெதர் கயிறில கட்டிவிடுங்கோ, நான் எழுதாம விட்ட வருசம் இருபது தரம் இழுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது.