பாதயாத்திரைக்கு எடை குறைந்த தலையணை: கிராமைப் பார்க்கும் முன் தோளை அளந்துகொள்ளுங்கள்

நீண்ட தூரப் பாதயாத்திரைக்குப் பை கட்டும்போது காலணிக்கும் காலுறைக்கும் வாரக்கணக்கில் யோசிக்கிறோம். தலையணை மட்டும் கடைசி நாளில் ஞாபகத்துக்கு வரும். அப்போதும் "இருப்பதிலேயே எடை குறைந்தது எது?" என்ற ஒரே கேள்வியோடு வாங்கிவிடுகிறோம். கால் நான்கைந்து நாளில் நடைக்குப் பழகிவிடும். கழுத்து அப்படியில்லை. ஒரு ராத்திரி பிடித்துக்கொண்டால் மறுநாள் முழுக்கப் பையின் தோள்பட்டை வார் அதே இடத்தை இழுத்துக்கொண்டே வரும்.

பையின் மொத்த எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. அதில் தலையணைக்கு நான் ஒதுக்குவது 100 கிராம். 60 கிராம் தலையணைக்கும் 90 கிராம் தலையணைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடக்குத் தண்ணீர்தான். அந்த இரண்டு மடக்கை மிச்சம் பிடிக்க ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

படி 1: எங்கே படுக்கப் போகிறீர்கள்?

தலையணை தேவையே இல்லாமலும் இருக்கலாம். ஸ்பெயினில் சாந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் யாத்ரீகர் விடுதிகள் பெரும்பாலானவற்றில் கட்டிலோடு தலையணையும் இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் உறையும் பல இடங்களில் தருவார்கள். அங்கே நடப்பவர் ஒரு நல்ல பருத்தி உறையை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றும் ஏறத்தாழ 1,200 கி.மீ. பாதை வேறு மாதிரி. பணம் கொடுத்துத் தங்கும் விடுதி என்றால் படுக்கை உண்டு. சில கோயில்களில் நடைப்பயணிகளுக்கு இலவசமாகத் தரும் எளிய இடங்களில் தரையும் கூரையும் தவிர எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் பாதையில் பாதி ராத்திரிகளாவது தரையிலோ கூடாரத்திலோ கழியும் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: உங்களுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இது. சுவரில் ஒரு தோள் படும்படி பக்கவாட்டில் நேராக நில்லுங்கள். தலை சாயக் கூடாது. காதுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள தூரத்தை வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது உங்கள் தலையணை நிரப்ப வேண்டிய இடைவெளி ஏறக்குறைய அதுதான். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ. வரை வரும். மல்லாந்து படுப்பவருக்கு இதைவிடக் குறைவாகப் போதும். குப்புறப் படுப்பவர் மடித்த துண்டோடு கிளம்பலாம், காசு மிச்சம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மெத்தை மெதுவாக இருந்தால் தோள் உள்ளே அமுங்கும், இடைவெளி குறையும். வெறும் தரையில் தோள் அமுங்காது, அளந்த முழு உயரமும் வேண்டும். வீட்டு மெத்தையில் அருமையாக இருந்த மெல்லிய தலையணை தரையில் காலை வாருவது இதனால்தான். யாத்திரையில் இன்று கட்டில், நாளை தரை, மறுநாள் கூடாரத்து விரிப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற தலையணைதான் நமக்குச் சரி.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஒருக்களித்துப் படுத்து, எதிரில் இருப்பவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கும் நெஞ்சுக்குழியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூக்கு தரையை நோக்கி இறங்கியிருந்தால் உயரம் போதவில்லை, கூரையை நோக்கி ஏறியிருந்தால் அதிகம்.

படி 3: மூன்று வகை, என் கட்சி எது

துணி அடைத்த பை: ஸ்லீப்பிங் பேக் வைத்து எடுத்துவரும் பைக்குள் மாற்றுத் துணிகளைத் திணித்துத் தலைக்கு வைப்பது. கூடுதல் எடை பூஜ்யம். மல்லாந்து படுப்பவருக்கு இதுவே போதும். சிக்கல் என்னவென்றால், குளிர் அதிகமான ராத்திரியில்தான் தலையணை ரொம்ப வேண்டியிருக்கும், அன்றைக்குத்தான் எல்லாத் துணியையும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மழையில் நனைந்த நாளிலும் பை காலி. அடைக்கும்போது ஜிப்பும் பொத்தானும் உள்பக்கம் போகும்படி சட்டைகளைப் புரட்டி, மேலே ஃபிளீஸ் (குளிருக்குப் போடும் மெத்தென்ற செயற்கைத் துணி) வரும்படி வையுங்கள்.

நுரை அடைத்தது: படுக்கச் சுகமானது இதுதான், சந்தேகமே இல்லை. ஓட்டை விழாது, சத்தம் போடாது. ஆனால் சிறியதே 200 கிராம் பக்கம் வரும், பையில் ஒரு ஃபிளீஸ் ஜாக்கெட்டின் இடத்தைப் பிடிக்கும். காரில் போகிறவர்களுக்கு நல்லது.

காற்றடைப்பது: என் கட்சி இது. சீ டு சம்மிட் நிறுவனத்தின் ஏரோஸ் அல்ட்ராலைட் தலையணை சாதாரண அளவு சுமார் 60 கிராம். மேலே மெல்லிய பஞ்சு போன்ற துணி ஒட்டியவை 80 கிராமுக்குப் பக்கத்தில் வரும். இந்த 20 கிராமைத் தாராளமாகக் கொடுங்கள், வேர்வையில் கன்னம் ஒட்டாது. மலிவான பிவிசி தலையணைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை அதிகம், குளிரில் விறைக்கும், மூக்குக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் வாடை அடிக்கும். உள்பூச்சு டிபியு (TPU என்ற நெகிழ்வான பிளாஸ்டிக்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வால்வையும் பார்த்து வாங்குங்கள். ஊதுவதற்கு ஒரு வழி, மொத்தமாகக் காற்றை வெளியேற்ற ஒரு வழி, அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடும் வசதி, இந்த மூன்றும் வேண்டும். அடைப்பைப் பிடுங்கினால் ஒரேயடியாகப் பாதிக் காற்றும் போய்விடுகிற வகை, அடுத்த படியில் உங்களைப் பாடாய்ப் படுத்தும்.

படி 4: காற்றைக் குறையுங்கள், நழுவாமல் கட்டுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடத்தில்தான். காற்றுத் தலையணை பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட்டவர்களில் பெரும்பாலானோர் போட்டதும் இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

முதலில் காற்று. ஊத ஆரம்பித்தால் இறுகும்வரை ஊதிவிட்டுத்தான் நிறுத்துவோம். இறுகிய தலையணையின் மேற்பரப்பு உருண்டு நிற்கும். தலை அதில் கொஞ்ச இடத்தில் மட்டும் படும், அந்த இடத்தில் காது நசுங்கும், தூக்கத்தில் தலை பக்கவாட்டில் உருளும். சரியான முறை: முழுசாக ஊதுங்கள். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் நீங்கள் தூங்கும் நிலையிலேயே படுத்து, வால்வைத் தொட்டுத் தொட்டுக் காற்றை விடுங்கள். தலை நடுவில் இறங்கி இரண்டு ஓரங்களும் மேலே எழும்பி அணைக்கும். காதில் அழுத்தம் போனதும் நிறுத்துங்கள். பார்த்தால் தொளதொள என்றுதான் இருக்கும், கவலைப்படாதீர்கள். ஆனால் தரை தட்டக் கூடாது.

அந்தப் பத்து நிமிடம் எதற்கு? நம் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரிச் சூட்டில் உள்ளே போகிறது. அறையின் சூட்டுக்கு ஆறும்போது சுருங்கும். விடியற்காலையில் அறை 12 டிகிரிக்கு இறங்கினால், சூடாக அடைத்த அந்தக் காற்றின் கன அளவு சுமார் 7 சதவீதம் குறைந்திருக்கும். காலையில் தலையணை தளர்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது நழுவல். மழமழப்பான துணி மழமழப்பான விரிப்பின் மேல் நிற்காது. நடு ராத்திரி தலை தரையில் கிடக்கும், தலையணை கட்டிலுக்குக் கீழே கிடக்கும். ரப்பர் பட்டை, ஒட்டுப் பட்டை என்று விற்கிற எதுவும் வேண்டாம். உங்கள் மாற்று டீ-சர்ட் போதும். பருத்தி கலந்ததாக இருந்தால் நல்லது. தலையணையை டீ-சர்ட்டின் அடிப்பக்க வாய் வழியாக உள்ளே விட்டு, கழுத்துப் பக்கம் வரை தள்ளுங்கள். வால்வு அடிப்பக்க மூலையில் இருக்கட்டும், கன்னத்தில் உறுத்தாது, கையும் எட்டும். மிச்சத் துணியையும் டீ-சர்ட்டின் இரண்டு கைகளையும் விரிப்புக்கு அடியில் செருகிவிடுங்கள். உங்கள் உடம்பின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். திரும்பிப் படுக்கும்போது வருகிற சரசர சத்தமும் இதோடு அடங்கும். பத்துப் பேர் படுத்திருக்கும் கூடத்தில் இதற்கு மதிப்பு அதிகம்.

தலைமூடி வைத்த ஸ்லீப்பிங் பேக் என்றால் அந்த மூடிக்குள்ளேயே தலையணையை வைக்கலாம். ஆனால் புரண்டு படுப்பவர்களுக்கு இது ஒத்துவராது, பையோடு சேர்ந்து தலையணையும் திரும்பிவிடும்.

படி 5: வீட்டுத் தரையில் ஒரு வாரம்

மெத்தையில் சோதித்துப் பிரயோஜனமில்லை. நீங்கள் கொண்டுபோகும் அதே விரிப்பைத் தரையில் போட்டு, அதே டீ-சர்ட்டோடு படுங்கள். ஒரு வாரம் போதும். சின்ன ஓட்டை ஏதாவது இருந்தால் இந்த வாரத்திலேயே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கவும் அவகாசம் இருக்கும்.

ஓட்டை வழியில் விழுந்தால்: இறுக்கமாக ஊதி, தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பாருங்கள். வாளி இல்லையென்றால் சோப்பு நுரையைத் தடவுங்கள். முதலில் வால்வைச் சுற்றிப் பாருங்கள், பல சமயம் அங்கே மணல் துகள்தான் சிக்கியிருக்கும். ஓட்டைதான் என்றால் இடத்தைக் காயவைத்து, ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து, கூடாரத் துணிக்கு ஒட்டும் பட்டையை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை வைத்து வெட்டினால் அந்த மூலையிலிருந்தே உரியத் தொடங்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதிலிருந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

உள்ளே பூஞ்சை வருமா? வரும். மூச்சில் ஈரம் இருக்கிறது. காலையில் காற்றை இறக்கும்போது உருட்டி, கடைசிவரை பிழிந்து விடுங்கள். விரிப்புக்குக் காற்றடிக்கும் பை கையில் இருந்து, வால்வும் பொருந்தினால் அதையே பயன்படுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் வால்வைத் திறந்தபடி, சுருட்டாமல் வையுங்கள்.

மூட்டைப்பூச்சி: யாத்திரை விடுதிகளில் இது நிஜமான தொல்லை. அடர்நிறத் தலையணையும் உறையும் வாங்காதீர்கள், வெளிர் நிறத்தில்தான் பூச்சி கண்ணுக்குத் தெரியும். பையையும் தலையணையையும் பகலில் கட்டில்மேல் போட்டு வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் உறைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். காற்றுத் தலையணையை மட்டும் சூடான உலர்த்தியில் போட்டுவிடாதீர்கள், ஒட்டுகள் விட்டுவிடும். அதைச் சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, தையல் ஓரங்களை விரலால் நீவிப் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள்.

கழுத்தைச் சுற்றிப் போடும் வளைவுத் தலையணை ஏற்கெனவே இருக்கிறது, அது போதாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அது உட்கார்ந்து தூங்குவதற்காகச் செய்தது. அதோடு மல்லாந்து படுத்தால் பிடரியில் வரும் தடிப்பு தலையை முன்னுக்குத் தள்ளும், ஒருக்களித்தால் காதுக்குக் கீழே வெற்றிடம். போகும் வழியில் விமானத்திலோ பேருந்திலோ வைத்துக்கொள்ளுங்கள், நடக்கத் தொடங்கும் ஊரிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.