சிதறல் பார்வை ஆய்வுகளைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் பரிசோதனைச் சீட்டில் சிலிண்டர், ஆக்சிஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளையாமல், ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கான திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவிவதில்லை. இதையே சிதறல் பார்வை என்றும் அஸ்டிக்மாட்டிசம் என்றும் சொல்கிறோம். குறை எவ்வளவு என்பதைச் சிலிண்டரும், எந்தத் திசையில் என்பதை ஆக்சிஸும் காட்டுகின்றன. கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் ஏரி என்ற அறிஞர் தம் இடக்கண்ணுக்கு உருளை வடிவ லென்ஸ் செய்வித்து, அதைப் பற்றி 1825-ஆம் ஆண்டு எடுத்துரைத்தபோதே, அளவு, திசை ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் இந்தக் குறையைத் திருத்த முடியும் என்பது தெளிவாகியிருந்தது.

இன்று பிள்ளைக்குக் கண்ணாடி போடவிருக்கும் பெற்றோரும், கருவிழியின் வளைவை லேசரால் திருத்தும் லாசிக் அறுவை செய்துகொள்ள நினைப்போரும், கண்புரை அறுவைக்கு நாள் குறித்தவர்களும் ஆய்வு முடிவுகளைத் தேடிப் படித்துவிட்டே மருத்துவரிடம் செல்கிறார்கள். இது நல்ல பழக்கம், வளர வேண்டிய பழக்கம். ஆனால் "பலன் கிடைத்ததா" என்று பார்க்கும் அவசரத்தில் "எதை அளந்தார்கள்" என்று பார்க்காமல் விட்டுவிடுவதால், நன்றாக நடத்தப்பட்ட ஓர் ஆய்விலிருந்தும் தவறான முடிவுக்கு வந்துவிட நேர்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, எல்லாத் திசைக்கும் பொதுவான கோள பவருடன் சிலிண்டரில் பாதியைக் கூட்டிப் பெறும் சமான மதிப்பு. பவரை அளக்கும் அலகு டயாப்டர். ஒரு கண்ணின் கோள பவர் +1.50, அதனுடன் சிலிண்டர் −3.00 என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரில் பாதி −1.50, கூட்டினால் சுழியம். அட்டவணையில் இந்தக் கண் எந்தக் குறையும் இல்லாத கண்ணைப் போல நிற்கும்; உண்மையில் அந்தக் கண்ணுக்குக் கண்ணாடியில்லாமல் பேருந்தின் பெயர்ப்பலகை கூடத் தெளிவாகத் தெரியாது. அறுவைச் சிகிச்சை ஆய்வுகளில் "இத்தனை விழுக்காட்டினர் இலக்கிலிருந்து அரை டயாப்டருக்குள் வந்தனர்" என்று வரும் வாக்கியம் பெரும்பாலும் இந்தச் சமான மதிப்பைப் பற்றியதே. சிதறல் பார்வை உள்ளவர் அதோடு நிறைவடையாமல், மிச்சமிருக்கும் சிலிண்டர் எவ்வளவு என்பதைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு திசையை மறப்பது. நான் மிகக் கவலையோடு பார்ப்பதும் இதைத்தான், ஏனெனில் ஆய்வுகளை எழுதுவோரே இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஆக்சிஸ் என்பது வட்டமாகச் சுழலும் அளவு. 180 பாகையும் 0 பாகையும் ஒன்றுதான். ஒருவருக்கு 5 பாகை, இன்னொருவருக்கு 175 பாகை என்றால் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே திசையிலான குறைதான். இவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 90 வரும்; அது இருவருடைய குறைக்கும் நேர் குறுக்கான திசை! சிலிண்டரின் அளவை மட்டும் கழித்துப் பார்ப்பதும் இதே வகைப் பிழைதான். அறுவைக்கு முன் 180 பாகையில் −2.00 இருந்தது, பின்னர் 90 பாகையில் −1.00 ஆனது என்றால், கழித்தல் கணக்கில் ஒரு டயாப்டர் திருந்தியிருக்கிறது. ஆனால் கருவிழியில் நடந்தது மூன்று டயாப்டர் மாற்றம், தேவைப்பட்டதோ இரண்டுதான். தேவைக்கு மேல் திருத்தப்பட்ட கண், போதாமல் திருத்தப்பட்ட கண்ணாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இதைச் சரிசெய்யத்தான் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நோயல் ஆல்பின்ஸ் 1993-இல், அளவையும் திசையையும் சேர்த்தே கணக்கிடும் திசையன் முறைப் பகுப்பாய்வை முன்வைத்தார். 1997-இல் லாரி திபோசும் உடன் உழைத்தவர்களும் கண்ணின் பவரை மூன்று கூறுகளாகப் பிரித்துக் கூட்டிக் கழிக்கும் வழியை வகுத்துத் தந்தார்கள். சிதறல் பார்வை பற்றிய ஓர் ஆய்வில் இத்தகைய பகுப்பாய்வு எதுவுமே இல்லையென்றால் அதன் சராசரிகளை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கண்புரை அறுவையில் வைக்கப்படும் டோரிக் லென்சுக்கு இந்தத் திசைக் கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். சிதறலைத் திருத்தும் இந்த உள்விழி லென்ஸ் தன் இடத்திலிருந்து ஒரு பாகை திரும்பினாலே, திருத்தத்தில் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு குறைகிறது. பத்துப் பாகை திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முப்பது பாகை திரும்பினால் பழைய அளவு சிலிண்டர் அப்படியே நிற்கும், திசை மட்டும் வேறாக இருக்கும். ஆகவே "சராசரிச் சுழற்சி மூன்று பாகை" என்ற வரி எவ்வளவு ஆறுதல் தந்தாலும், பத்துப் பாகைக்கு மேல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதே அறுவைக்குச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்வி. நோயாளி படுக்கும்போது கண்ணே சற்றுச் சுழல்வதால், அவரை உட்கார வைத்தே கண்ணில் குறியிடுவது வழக்கம். ஆய்வில் குறியிட்ட முறை சொல்லப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். இன்னொன்று, கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் அளந்து லென்ஸ் தேர்ந்தெடுத்த பழைய ஆய்வுகளை இன்றைய ஆய்வுகளோடு நேராக ஒப்பிடுவது சரியாகாது. கருவிழியின் பின்பக்கத்துக்கும் சராசரியாக 0.30 டயாப்டர் அளவுக்குச் சிதறல் உண்டு என்று 2012-இல் டக்ளஸ் காக்கும் குழுவினரும் காட்டிய பிறகுதான் லென்ஸ் கணக்கீட்டு முறைகள் அதையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கின.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வென்றால், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விழிக்குள் இருக்கும் தசையைத் தளர்த்திய பிறகு அளந்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். குழந்தையின் கண் தன்னையறியாமல் கிட்டத்தில் குவித்துக்கொள்ளும் ஆற்றல் மிகுந்தது. மருந்தில்லாமல் இயந்திரத்தில் மட்டும் அளந்தால் இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும், இருக்கும் தூரப்பார்வை இல்லாததாகவும் தெரியும்.

"பவரைக் குறைத்துப் போட்டால் பவர் ஏறாது" என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக ஊன்றியது. மலேசியாவில் 94 குழந்தைகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே குறைத்துப் போடப்பட்ட குழந்தைகளின் கிட்டப்பார்வை இரண்டு ஆண்டுகளில் 1.00 டயாப்டரும், முழுப் பவர் போட்டவர்களுக்கு 0.77 டயாப்டரும் கூடியிருந்தன. இது சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்துக்கொண்டு குறைந்த பவர் கண்ணைக் கெடுக்கும் என்று முழங்குவது மிகை. ஆனால் குறைத்துப் போட்டால் நன்மை என்று சொல்ல அதில் எந்த ஆதாரமும் இல்லை. சிதறல் பார்வையில் இந்த வழக்கம் வேறொரு வகையிலும் தீங்கானது: சிறு வயதில் மிகுந்த சிலிண்டரைத் திருத்தாமல் விட்டால் அந்தத் திசையின் கோடுகளைத் தெளிவாகப் பார்க்க மூளை பழகாமலேயே போய், பின்னாளில் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுமையடையாத சோம்பேறிக் கண் உண்டாகலாம்.

அந்தச் சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சையைப் படிக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கண் ஆய்வுக் குழு 2006-இல் வெளியிட்ட முடிவில், இரு கண்களுக்கும் இடையே பவர் வேறுபாட்டால் சோம்பேறிக் கண் வந்த 84 குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டுமே தரப்பட்டது. அவர்களில் 77 விழுக்காட்டினருக்குப் பார்வை அட்டையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ முன்னேற்றம் கிடைத்தது. 27 விழுக்காட்டினருக்குக் குறை முற்றிலும் நீங்கியது. ஆகவே கண்ணாடியையும், நல்ல கண்ணை மூடும் சிகிச்சையையும் ஒரே நாளில் தொடங்கிய ஆய்வில், கண்ணாடி செய்த வேலை கண் மூடலின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத "முன்–பின்" ஆய்வை நம்புவது இதன் உடன்பிறப்பு. கண் பயிற்சிகளைப் பற்றிய பேச்சுகளில் இது நாள்தோறும் நடக்கிறது. கிட்டத்தில் பார்க்க இரு கண்களையும் ஒன்றாகக் குவிக்க முடியாத குறைக்குப் பயிற்சி உதவுமா என்று 221 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரங்களில், சிகிச்சை மையத்தில் முறையான பயிற்சி பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர் தேறினார்கள். ஆனால் பயிற்சிபோலத் தோற்றம் மட்டும் தந்த போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் 35 விழுக்காட்டினர் தேறினார்கள். அந்த ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் 73 என்ற எண் முழுவதும் பயிற்சியின் வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கும். தொடர்ந்து 2019-இல் வந்த ஆய்வு, அதே பயிற்சியால் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் போலிச் சிகிச்சையைவிடக் கூடவில்லை என்று காட்டியது. ஒரு குறைக்கு உதவிய பயிற்சியை இன்னொன்றுக்கு நீட்டக் கூடாது. கருவிழியின் வளைவு கண்ணை உருட்டிப் பயிற்சி செய்வதால் மாறுவதில்லை. சிலிண்டர் பவரைப் பயிற்சியால் நீக்கலாம் என்போர் இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது அதற்கு நியாயம் செய்வதாகாது.

குழந்தைகளின் கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைக்க விடப்படும் அட்ரோபின் சொட்டு மருந்தின் கதை ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டியது. சிங்கப்பூரில் 2012-இல் வெளியான ஆய்வில் 0.5, 0.1, 0.01 விழுக்காடு ஆகிய மூன்று செறிவுகள் ஒப்பிடப்பட்டன. போலி மருந்துக் குழு இல்லை, முந்தைய ஆய்வின் குழுவே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. 0.01 விழுக்காட்டில் பவர் ஏறும் வேகம் குறைந்தது, பக்க விளைவும் குறைவு. நிறுத்திய பின் வேகமாக ஏறும் தொல்லையும் அதில் குறைவாகவே இருந்தது. உலகெங்கும் அந்தச் செறிவு பரவியது. ஆனால் அதே ஆய்வில் கண்ணின் நீளம் அந்தப் பழைய ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக வளரவில்லை. கிட்டப்பார்வையில் பிற்கால ஆபத்தைக் கூட்டுவது கண் நீள்வதுதான் என்பதால் இது சிறு செய்தியன்று. பிறகு ஹாங்காங்கில் 438 குழந்தைகளிடம், போலி மருந்துக் குழுவுடன் நடந்த ஆய்வில் 0.05 விழுக்காடே மிகுந்த பலன் தந்தது. 2023-இல் அமெரிக்காவில் 187 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலோ 0.01 விழுக்காட்டுக்கும் போலி மருந்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. எந்தச் செறிவு, எந்த மக்கள், பவரா நீளமா, எத்தனை மாதம் என்று பார்க்காமல் "அட்ரோபின் பலன் தரும்" என்றோ "தராது" என்றோ சொல்வது இரண்டுமே பிழை.

லாசிக் ஆய்வுகளில் 6/6 என்ற எண்ணை மட்டும் தேடுவோர் உண்டு. அந்த எண், வெளிச்சமான அறையில் கறுப்பெழுத்தைப் படித்த திறன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்திய ஆய்வுகளில், அறுவைக்கு முன் விளக்கொளியைச் சுற்றி வளையம், கண்கூச்சம் போன்ற தொந்தரவு எதுவுமே இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையிலானோர் மூன்றாம் மாதத்தில் குறைந்தது ஒன்றைக் குறிப்பிட்டார்கள். ஆனாலும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பார்வையில் நிறைவே கொண்டிருந்தார்கள், மிகுந்த சிரமம் சொன்னவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் விற்பவராகவோ அச்சுறுத்துபவராகவோதான் இருக்க முடியும். மருத்துவரிடம் நேரில் சொன்னதைவிட வினாத்தாளில் தொந்தரவைக் குறித்தவர்கள் இரு மடங்குக்கும் மேல் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே நோயாளியிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதும் அளவையின் பகுதியே.

எண்ணிக்கையில் ஒரு நுணுக்கம்: "100 கண்கள்" என்று இருந்தால் அவை எத்தனை மனிதர்களுடையவை என்று பாருங்கள். ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால், 50 பேரின் ஆய்வு 100 பேரின் உறுதியோடு பேசத் தொடங்கிவிடும்.

இந்தியாவில் நடந்த ஆய்வானால் இன்னொரு வசதி உண்டு. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2007 முதல் இயங்குகிறது. மருந்து பற்றிய ஆய்வுகள் அங்கே பதிவாவது 2009 ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. தொடங்கும் முன் எதை முதன்மை முடிவாக அளப்பதாக அவர்கள் எழுதிவைத்தார்கள் என்பதை யாரும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். அங்கே மிச்சச் சிலிண்டர் என்று எழுதிவிட்டு, வெளியான கட்டுரையின் சுருக்கத்தில் சமான மதிப்பை முன்னிறுத்தியிருந்தால், மிச்சச் சிலிண்டர் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.