மாயா நெசவுப் பெண்களுக்கு உதவுறேன்னு போய் பண்ணுற தப்புங்க

மத்திய அமெரிக்காவுல குவாத்தமாலா மலைப்பக்கம், மாயா பழங்குடி மக்கள் ஊருங்களுக்குப் போனா முதல்ல கண்ணுல படுறது பொம்பளைங்க போட்டிருக்கற மேல்சட்டைதான், வீபில்னு பேரு, ஊருக்கு ஊர் டிசைன் மாறும், விஷயம் தெரிஞ்சவங்க சட்டையப் பாத்தே இந்தம்மா எந்த ஊர்னு சொல்லிடுவாங்க. அத நெய்யுற தறின்னா நாலஞ்சு குச்சியும் ஒரு வாரும் தான். பாவோட (நீளவாக்குல கட்டுற நூலோட) ஒரு முனைய மரத்துலயோ தூண்லயோ கட்டிட்டு இன்னொரு முனைய வார் போட்டு இடுப்புல மாட்டிக்கிட்டு தரையில உக்காந்துடுவாங்க, உடம்ப முன்ன பின்ன சாய்ச்சே பாவ இறுக்குவாங்க தளர்த்துவாங்க. இப்படி நெய்யுற பெண்கள் சேந்து நடத்துற கூட்டுறவுகள் நிறைய இருக்கு, கெட்சால்டெனாங்கோ ஊர்ல 1988ல ஆரம்பிச்ச ட்ராமா டெக்ஸ்டைல்ஸ், பக்கத்து நாடு மெக்சிகோல சியாபாஸ் மாநிலத்து ஸ்னா ஹோலோபில், இப்படி. இவங்களுக்கு எழுத்து சொல்லித் தரணும், மார்க்கெட் பிடிச்சுத் தரணும்னு நல்ல மனசோட போறவங்களுக்கும் குறைவில்ல. ஆனா சறுக்குறது பெரும்பாலும் அதே இடங்கள்லதான்.

முதல் தப்பு, கையெழுத்து போடத் தெரியாதவங்களுக்கு கணக்கும் தெரியாதுன்னு நினைக்கறது. ஒரு பறவை உருவம் நெய்யணும்னா ஒவ்வொரு வரிசையிலயும் பாவு இழைய எண்ணி எண்ணித் தூக்கி கலர் நூல உள்ள விடணும், ஒரு இழை தப்பினா றெக்கை கோணிடும், பல பேரு இத பேப்பர்ல எதுவும் பாக்காம அம்மாகிட்ட கத்துக்கிட்ட ஞாபகத்துல செய்யறாங்க. அப்படிப்பட்டவங்கள உக்கார வெச்சு வட்டம் போடு கோடு போடுன்னா மூணாவது நாள் யாரு வருவா? நூல் வாங்கின பில்லு, ஆர்டர் சீட்டு, சங்கத்து நோட்டு, இதையே பாடப்புத்தகமா வெச்சா போதும். எத்தனை கண்டு நூல், எத்தனை நாள், கைக்கு எவ்வளவு கெட்சால் வந்துச்சு (அந்த நாட்டுக் காசு), இதப் படிக்கறதுக்குன்னா ஆர்வம் தானா வரும்.

அதுவும் சங்கத்து நோட்டு ரொம்ப முக்கியம். குரூப்ல படிச்சவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ இருந்தா செயலாளர், பொருளாளர் எல்லாம் அவங்கதான், மத்தவங்க கைநாட்டு வெச்சுட்டு குடுத்தத வாங்கிக்குவாங்க. அவங்க திருடுறாங்கன்னு சொல்லல, ஆனா கேள்வி கேக்கவே முடியாத இடத்துல சந்தேகம் தானா முளைக்கும், பல சங்கம் உடையறது அங்கதான். தன் பேருக்கு நேரா இருக்கற வரிய ஒவ்வொருத்தரும் தானே படிக்க முடியணும், நான் எத்தனை துணி குடுத்தேன், எது வித்துச்சு, எவ்வளவு பாக்கின்னு.

மொழி விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. குவாத்தமாலால மட்டும் 22 மாயா மொழி இருக்கு, கிச்சே, கக்ச்சிகேல், ட்சூதுஹில், மாம்னு, மாம் பேசுறவங்களுக்கு கிச்சே புரியாது. நேரா ஸ்பானிஷ்ல ஆரம்பிச்சா எழுத்தும் புதுசு, சொல்லும் புதுசு. மாயா மொழிகளுக்குன்னு ஒரே மாதிரி எழுத்துமுறை 1987லயே அரசு அங்கீகாரத்தோட வந்தாச்சு, அதுல தொடங்கலாம். இன்னொரு கூட்டம் தாய்மொழிதான் புனிதம்னு ஸ்பானிஷ் பக்கமே போறதில்ல, ஆனா பேங்க்ல, ஒப்பந்தத்துல, டேக்ஸ் ஆபீஸ்ல எல்லாம் ஸ்பானிஷ்தானே, அது தெரியாம எப்படி விக்கறது. எது வேணும்னு அவங்களையே கேட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. காபி பறிக்கற சீசன்ல, சந்தை நாள்ல கிளாஸ் வெச்சுட்டு ஆள் வரலன்னு ரிப்போர்ட் எழுதறதப் பத்தி என்ன சொல்ல.

சரி, மார்க்கெட். இங்க ஆர்டர் கொண்டு வர்றவங்களுக்கு தறியே புரியறதில்ல. இடுப்புத்தறில துணியோட அகலம் கை எட்டுற தூரம்தான், அதனாலதான் வீபிலே ரெண்டு மூணு துண்டா நெய்து சேத்துத் தைக்கறாங்க. இது தெரியாம டபுள் பெட் விரிப்பு ஒரே துண்டா வேணும்னு ஆர்டர் எடுத்துட்டு வந்தா யாரு செய்யறது? அகலத் துணி வேணும்னா மிதிதறி இருக்கு, ஸ்பானியர்கள் கொண்டு வந்தது, அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க நெய்யறாங்க. உடனே மிதிதறி நாலு வாங்கிக் குடுத்துடலாம்னு தோணும், வேணாம். அதுக்கு தனி ஷெட் வேணும், அங்க போய்தான் நெய்யணும். இடுப்புத்தறின்னா சோறாக்கிட்டே, புள்ளையப் பாத்துக்கிட்டே வாசல்ல நெய்யலாம், வேலை வந்தா சுருட்டி ஓரமா வெச்சுடலாம். அதிதலான் ஏரிக்கரைல சான் ஹுவான் லா லகூனா ஊர்ல செடி கொடி வெச்சு நூலுக்கு சாயம் போடறாங்க, அங்க போய் போன தடவ வந்த அதே கலர் அச்சு அசலா வேணும்னு கேக்கறதும் இதே ரகம்தான். சாம்பிள்லயே ஷேடு மாறும்னு வாங்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

விலை போடறதுலயும் கோட்டை விடுறாங்க. சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைல வியாழனும் ஞாயிறும் டூரிஸ்ட் பேரம் பேசி வாங்கற விலைய அடிப்படையா வெச்சுக்கறாங்க. அங்க விக்கறவர் பல நேரம் இடைத்தரகர், நெய்தவங்களுக்கு என்ன போச்சுன்னு அந்த விலைல தெரியாது. நல்ல வீபில் ஒண்ணுக்கு மாசக்கணக்குல ஆகும், நூல் காசு, வேலை நாள்னு கீழ இருந்து ஏத்திக்கிட்டு வாங்க. அப்புறம் நூல் காச முன்பணமா குடுத்துடுங்க, இல்லன்னா அவங்க கடன் வாங்கித்தான் உங்க ஆர்டர முடிப்பாங்க.

அடுத்தது துணில தொங்கவிடுற டேக்ல கண்ணீர் விக்கறது. 1960லருந்து 1996 வரைக்கும் அங்க உள்நாட்டுப் போர், ரெண்டு லட்சத்துக்கும் மேல செத்தாங்க இல்ல காணாமப் போனாங்க, அடையாளம் தெரிஞ்சவங்கள்ல 83 சதவீதம் மாயா மக்கள். புருஷன இழந்தவங்க சேந்து ஆரம்பிச்ச சங்கங்களும் இருக்கு. அதுக்காக ஒரு பையில தொங்குற அட்டைல அவங்க துக்கத்த அச்சடிக்கணுமா? இந்த டிசைன் எந்த ஊரோடது, எத்தனை நாள் நெய்ததுன்னு போடுங்க. டிசைனும் ஊருக்கே சொந்தம், ஒருத்தர்கிட்ட போட்டோ எடுத்துட்டு ஃபேக்டரில பிரிண்ட் போடறது சரியில்ல. இதுக்காகவே நெசவுப் பெண்கள் 2016ல அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, டிசைனுக்கு பாதுகாப்பு தர சட்டம் போடச் சொல்லி அடுத்த வருஷம் கோர்ட்டும் பாராளுமன்றத்துக்கு சொல்லுச்சு.

கடைசியா ஒண்ணு, சின்னதாத் தெரியும் ஆனா இதான் பல சங்கத்த சாய்க்குது. ஃபேஸ்புக் பேஜ் பாஸ்வேர்டு, வெளிநாட்டு கடைக்காரர் மெயில், ஷிப்பிங் ஏஜென்ட் நம்பர் எல்லாம் வாலன்டியர் போன்ல இருக்கும், ஆறு மாசத்துல அவர் ஊருக்குப் போயிடுவார், வியாபாரமும் அவரோடயே போயிடும். அங்க கம்பெனிக்கு விக்கணும்னா டேக்ஸ் ஆபீஸ்ல பதிவு பண்ணி எலெக்ட்ரானிக் பில் போடணும். அந்த பில்ல, வாங்கறவர் அனுப்பற வாட்ஸாப் மெசேஜ, அவங்க கிளாஸ்ல முதல் மாசத்துலயே பாடமா வெச்சுடுங்க. நம்பர் சங்கத்து நம்பரா இருக்கட்டும், பாஸ்வேர்டு மூணு பேருக்காவது தெரியட்டும்.