பொது ஆய்வகத்தில் ஆய்வுத் தரவு: எங்கே கோட்டை விடுகிறோம்?

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வகத்தில் அதிகம் நடக்கும் தவறு, கருவியோடு இணைந்த கணினியிலேயே தரவை விட்டுவிட்டுப் போவது. அந்த ஹார்ட் டிஸ்க் எல்லோருக்கும் பொது. இடம் நிறைந்தால் அடுத்தவரின் பதிவு பாதியில் நின்றுவிடும். அவர் அவசரத்தில் அழிக்கும் பழைய ஃபோல்டர் உங்களுடையதாக இருக்கலாம். வேலை முடிந்த அன்றே சர்வருக்கு மாற்றுங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்தாலும் கோப்பு உள்ளே சிதைந்திருக்கலாம். அதனால் இரண்டு பக்கமும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, அப்புறம் மூலத்தை நீக்குங்கள்.

ரெய்டு (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை இணைக்கும் முறை) இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரெய்டு தாங்குவது டிஸ்க் பழுதாவதை மட்டும்தான். தவறுதலாக அழித்த கோப்பு அதில் மொத்தமாகவே போய்விடும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு இடத்தில்: இதுவே குறைந்தபட்சம். பேக்கப்பும் தவறலாம். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் நிரலைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. ஆகவே அவ்வப்போது பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால், அழிந்த தரவைவிட அர்த்தம் தொலைந்த தரவுதான் அதிகம். பொது லாகினில் எடுத்த 'புதியது_கடைசி_2' யாருடையது? எந்த மாதிரி, எந்த லென்ஸ், எவ்வளவு நேர எக்ஸ்போஷர்? ஃபோல்டருக்குள்ளேயே ஒரு சின்ன உரைக் கோப்பில் இதையெல்லாம் அன்றைக்கே எழுதிவிடுங்கள். தேதியை 2024-03-05 என்று ஆண்டை முன்வைத்துப் போட்டால் மார்ச்சா மே மாதமா என்ற குழப்பம் வராது. வரிசையும் தானாக அமையும்.

நுண்ணோக்கிப் படத்தை ஜேபெக்காக மட்டும் வைத்திருப்பது பெரிய இழப்பு. 16 பிட் படம் 8 பிட்டாகச் சுருங்கி ஒளிர்வின் நுண்ணிய வேறுபாடுகள் தொலைந்துவிடும், ஒளிர்வை அளக்க அது உதவாது. கருவி தரும் மூலக் கோப்பையும் வைத்திருங்கள், ஓஎம்இ-டிஃப் போன்ற, பல மென்பொருள்களில் திறக்கக்கூடிய திறந்த வடிவத்திலும் ஒரு பிரதி எடுங்கள். மென்பொருள் உரிமம் முடிந்தபின் மூலக் கோப்பைத் திறக்க வழியில்லாமல் போகலாம்.

குழுவிலிருந்து ஒருவர் விலகும்போது அவருடைய கணக்கு மூடப்படும், தரவும் அதோடு போய்விடக்கூடும். கடைசி நாள்வரை காத்திருக்காமல், அவர் இருக்கும்போதே ஃபோல்டர்களைக் குழுவின் பெயருக்கு மாற்றி, இன்னொருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவருக்குப் புரியாத இடங்களைக் கேட்க அப்போதுதான் ஆள் இருக்கும்.