ஆகாயக் கப்பல் மாடல்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களின் ஜெர்மன் ஆகாயக் கப்பலான ஹிண்டன்பர்க்கின் நீளம் 245 மீட்டர், அதன் உடலின் அதிகபட்ச விட்டம் 41 மீட்டருக்குச் சற்று மேல். ரெவெல் நிறுவனத்தின் 1/720 பிளாஸ்டிக் மாடல் கிட்டில் அது 34 சென்டிமீட்டராகச் சுருங்கி, புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் பாகங்கள் கொஞ்சம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த நினைப்பே பல மாடல்களைக் கெடுக்கிறது.

போர் விமானம், டாங்கி போன்ற மாடல்களில் சின்னத் தவறுகள் மறைந்துகொள்ள இடம் உண்டு. சக்கரத்தின் அடியில் ஓர் இடைவெளி இருந்தால் சேறு பூசிவிடலாம், இறக்கை இணைப்பு சரியில்லை என்றால் உருமறைப்பு வண்ணம் கண்ணைத் திருப்பிவிடும். ஆகாயக் கப்பலிலோ ஒரே ஒரு நீண்ட வளைவு, அதன்மேல் முழுக்க வெள்ளி நிறம். ஒளி விழுந்தால் எல்லாமே தெரியும். இதை மேம்படுத்துவதென்றால் புதிதாக எதையாவது செய்து ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் இதில் முக்கால்வாசி வேலை தேய்ப்பதும் மெலிதாக்குவதும்தான்.

எந்த மாதத்துக் கப்பல்?

பசையைத் தொடுவதற்கு முன்பே நடக்கும் தவறு இது. பெட்டிப் படத்தையும் டீகல் தாளையும் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னப் படலங்கள்) பார்த்து, இருப்பதையெல்லாம் ஒட்டிவிடுகிறோம். ஆனால் ஹிண்டன்பர்க்கின் தோற்றம் மாதத்துக்கு மாதம் மாறியது. 1936 மார்ச் 4 அன்று முதன்முதலாகப் பறந்தபோது அதன் உடலில் பெயரே கிடையாது. டி-எல்இசட்129 என்ற பதிவெண்ணும், அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை விளம்பரப்படுத்திய ஐந்து வளையங்களும் மட்டுமே இருந்தன. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, மார்ச் இறுதியில் தொடங்கிய நாஜிப் பிரச்சாரப் பயணத்துக்கு முன்புதான் பழைய ஜெர்மன் எழுத்து வடிவில், சிவப்பில், 1.8 மீட்டர் உயரத்தில் பெயர் எழுதப்பட்டது. 1937இல் வளையங்கள் இல்லை. 1936-37 குளிர்காலத்தில் கூடுதல் பயணியர் அறைகள் கட்டப்பட்டதால் வலப்பக்கத்தில் ஜன்னல்களும் கூடின.

ஆகவே, பெயரும் வளையமும் சேர்ந்து வேண்டுமென்றால் அது 1936இன் கப்பல். அந்த ஆண்டில் அது பத்து முறை அமெரிக்காவுக்கும் ஏழு முறை பிரேசிலுக்கும் போய்த் திரும்பியது. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்த கப்பலைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வளையங்களை ஒட்டினால் அது நடக்காத ஒரு நாளின் மாடல். இன்னொரு ஜெர்மன் ஆகாயக் கப்பலான கிராஃப் செப்பலினுக்கும் இதே எச்சரிக்கை. ஹாக் நிறுவனத்தின் பழைய 1/245 கிட்டைக் கட்டுபவர்கள் 1929 ஆகஸ்டில் அது உலகைச் சுற்றி வந்த பயணத்தைத்தான் பெரும்பாலும் விரும்புவார்கள். அப்போது வாலில் நாஜிச் சின்னம் கிடையாது. 1933இல்தான் அது வந்தது, அதுவும் முதலில் இடப்பக்கத்தில் மட்டும். வலப்பக்கத்தில் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடி.

அந்தச் சின்னத்தைக் காட்டுவதற்கு ஜெர்மனியில் சட்டத் தடை இருப்பதால் அங்கே விற்கும் கிட்களின் டீகல் தாளில் அது முழுதாக இருப்பதில்லை. அதை விட்டுவிடுவதா, வேறிடத்தில் வாங்கி ஒட்டுவதா என்பது அவரவர் முடிவு. ஒட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊரில் நேராக வரையும் ஸ்வஸ்திகா அல்ல அது, 45 டிகிரி சாய்ந்தது. ஹிண்டன்பர்க்கில் வாலின் மேல், கீழ்த் துடுப்புகள் இரண்டிலும், இரு பக்கமும், சிவப்புப் பட்டையின் நடுவே வெள்ளை வட்டத்துக்குள் இருந்தது. அந்தக் கப்பலைக் கட்டிய நிறுவனத்தின் தலைவர் ஹ்யூகோ எக்கெனர் நாஜிகளோடு ஒத்துப்போகாதவர் என்பதையும் தெரிந்துகொண்டு ஒட்டினால் நல்லது.

மூடிவிட்டால் திறக்க முடியாது

உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு ஸ்டாண்டுக்குத் துளை போடுவது ஆபத்து. மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே வெற்றிடம், துளைக்கருவி வழுக்கினால் உடல் உள்ளே அமுங்கும். எப்படிக் காட்சிக்கு வைக்கப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பித்தளைக் கம்பியில் நிறுத்துவதானால் உள்ளே ஒரு குழாயை எபாக்ஸிப் பசையில் பதிக்க வேண்டும். கூரையிலிருந்து தொங்கவிடுவதானால் முதுகில் இரண்டு இடங்களில் உட்புறமாகக் கொக்கி வைக்க வேண்டும். மெல்லிய தூண்டில் நரம்பு போதும், தூரத்தில் தெரியாது.

நீளமான பாதிகள் பெட்டியிலேயே கொஞ்சம் கோணியிருக்கும். கையால் அழுத்திப் பிடித்து ஒட்டினால் அந்த இழுவிசை இணைப்பிலேயே தங்கி, பல மாதம் கழித்து விரிசலாக வெளிப்படும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி மூன்று நான்கு இடங்களில் உள்ளே குறுக்குச் சுவராக வையுங்கள். உண்மையான கப்பலின் உருவத்தையும் பதினைந்து பெரிய வளையச் சட்டங்கள்தான் தாங்கி நின்றன.

விளக்குப் போட விரும்புபவர்கள் உள்ளே முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும். இல்லையென்றால் எல்இடி ஏற்றியவுடன் வயிறு முழுக்க ஒளிரும்.

இணைப்புக்கோடு

நேரத்தை இங்கே செலவிடுங்கள். 1/720 அளவில் 0.1 மில்லிமீட்டர் பள்ளம் என்றால் உண்மையில் 72 மில்லிமீட்டர், அதாவது நான்கு விரல் நுழையும் அகலம். ஒரு கப்பலின் முதுகு நெடுக அப்படி ஒரு வாய்க்கால் ஓடினால் எப்படியிருக்கும்?

மெல்லிய கரைப்பான் பசையை, தமியா எக்ஸ்ட்ரா தின் போன்றதை, இணைப்பில் ஓடவிட்டு இரு பாதிகளையும் லேசாக அழுத்தும்போது உருகிய பிளாஸ்டிக் ஒரு நூலாக மேலே பிதுங்கி வர வேண்டும். அது நல்ல அறிகுறி. அதை அன்றைக்கே தேய்ப்பதுதான் பெருந்தவறு. கரைப்பான் முழுக்க வெளியேறும்வரை அந்த இடம் மென்மையாகவே இருக்கும். அப்போது மட்டமாகத் தேய்த்து வண்ணமும் அடித்துவிட்டால், பிளாஸ்டிக் பிறகு சுருங்கி, மறைந்துபோன கோடு மீண்டும் எழுந்து வரும். ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் விட்டால் இன்னும் நிம்மதி.

பட்டி பார்ப்பதிலும் இதே பொறுமை தேவை. ஆழமான இடத்தை ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், பின்பு குழியும். மெல்லிதாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். சூப்பர் க்ளூவால் நிரப்பலாம், அது சுருங்காது. ஆனால் மறுநாள்வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பிறகு உப்புத்தாள் பக்கத்து பிளாஸ்டிக்கைத்தான் தின்னும், பசை மேடாக நிற்கும். இறுகிய சில மணி நேரத்துக்குள்ளேயே தேய்த்துவிடுங்கள்.

தேய்க்கும்போது விரல் நுனியை மட்டும் வைத்துத் தேய்ப்பவர்கள் அதிகம். விரல் அமுங்கும் இடத்தில் வளைவு தட்டையாகிவிடும். உருண்டையான முதுகில் ஒரு தட்டைப் பட்டை விழுந்துவிட்டால் அதைப் பட்டி போட்டுத்தான் மீட்க வேண்டும். மெல்லிய ஸ்பாஞ்சின்மேல் உப்புத்தாளைச் சுற்றி, உடலின் குறுக்காக வளைத்துத் தேய்க்கவும். 400இல் தொடங்கி 600, 1000, 1500 என்று தண்ணீரோடு போகலாம். நடுநடுவே சாம்பல் ப்ரைமர் அடித்து, மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் விழும்படி திருப்பித் திருப்பிப் பாருங்கள். ப்ரைமரில் தெரியும் கீறல் வெள்ளியில் இரட்டிப்பாகத் தெரியும்.

எலும்பு தெரியும் கப்பல்

பல கிட்களில் உள்சட்டங்கள் வெளியே தெரிவதற்காக உடல் முழுக்க மேடான வரிகளை வார்த்திருக்கிறார்கள். 0.3 மில்லிமீட்டர் மேடு 1/720இல் இருபது சென்டிமீட்டருக்கு மேல். உண்மையில் அது சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. சட்டம் இருக்கும் இடத்தில் ஒளி சற்று மாறும், அவ்வளவுதான். இணைப்பைத் தேய்க்கும்போது இந்த வரிகள் அங்கங்கே அழிந்துபோகும். அழிந்ததை இழுத்த ஸ்ப்ரூவால் (பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சூடாக்கி நூலாக இழுத்தது) ஒட்டித் திரும்பக் கொண்டுவருவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது அதற்கு நேர்மாறானது: உடல் முழுக்க உள்ள வரிகளை மேலோட்டமாகத் தேய்த்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது. எங்காவது முழுக்கப் போய்விட்டால், இரண்டு மெல்லிய மாஸ்கிங் டேப்களுக்கு நடுவே ஒரு நூல் அகல இடைவெளி விட்டு ப்ரைமரை இரண்டு தடவை ஊதினால் போதும். டேப்பை எடுத்ததும் மேடு கிடைக்கும், அதையும் 2000ஆம் எண் தாளால் ஒருமுறை தடவிவிடுங்கள். பள்ளம் தோண்டிக் கோடு கீறுவது கூடவே கூடாது. இது அலுமினியத் தகடு போர்த்திய விமானம் அல்ல.

வெள்ளி, ஆனால் எவர்சில்வர் அல்ல

வண்ணத்திலும் அதே குழப்பம். உலோகம் போலப் பளபளக்கும் குரோம் வண்ணத்தை அடித்தால் கப்பல் பொம்மையாகிவிடும். அந்தத் துணியின்மேல் பூசியது அலுமினியத் தூள் கலந்த டோப், அதாவது துணியை இறுக்கும் பூச்சு. சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி உள்ளேயிருந்த வாயுப் பைகளைக் காப்பது அதன் வேலை. அது மங்கலான, துணி மினுமினுப்புள்ள வெள்ளி. தமியா எக்ஸ்எஃப்-16 போன்ற ஃபிளாட் அலுமினியம் நல்ல தொடக்கம். அதில் ஒரு துளி வெளிர் சாம்பலைக் கலந்து சில கட்டங்களில் மட்டும் மிக மெல்லிதாக ஊதினால் துணித் துண்டுகளுக்கிடையே இருந்த வேறுபாடு வரும். கிட்டே போனால்தான் தெரிய வேண்டும். தூரத்திலிருந்தே சதுரங்கப் பலகையாகத் தெரிந்தால் அதிகம்.

வரிகளில் கறுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்) ஓடவிடாதீர்கள். ஜன்னல்களுக்கும் கெட்டிக் கறுப்பு வேண்டாம், கரும்சாம்பல் போதும். கண்ணாடிப் பாகம் ஒட்டச் சூப்பர் க்ளூ எடுத்தால் அதன் ஆவி படிந்து வெண்புகை பிடித்துவிடும். அங்கே வெள்ளைப் பசை போதும். மழைக்காலத்தில் லாக்கர் வண்ணம் அடிப்பதைத் தள்ளிப்போடலாம். காற்றின் ஈரம் பட்டு மேற்பரப்பு வெளுத்துப்போகும்.

டீகல் ஒட்டும் முன் கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். மங்கலான பரப்பில் நேரடியாக ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, டீகலைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். 2.5 மில்லிமீட்டர் உயரமே வரும் அந்தச் சிவப்புப் பெயரில் இது நடந்தால் கண் நேராக அங்கேதான் போகும். மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவம் தடவி டீகல் பரப்போடு படிந்த பின், எல்லாவற்றின் மேலும் செமி கிளாஸ் பூச்சு ஒன்று. முழு மேட் வார்னிஷ் வெள்ளியைச் சிமெண்ட் நிறமாக்கிவிடும்.

துடுப்பும் எஞ்சினும்

துடுப்புகளின் பின்விளிம்பு கிட்டில் 0.8 மில்லிமீட்டர் இருந்தால் உண்மையில் அது அரை மீட்டருக்கும் மேல். விளிம்பை மெலிதாக்குங்கள், ஆனால் அந்த ஆவேசத்தில் துடுப்பு முழுவதையும் தகடாக்கிவிட வேண்டாம். ஹிண்டன்பர்க்கின் துடுப்புகள் உடலோடு சேரும் இடத்தில் ஆள் நடமாடும் அளவுக்குத் தடித்தவை. கீழ்த் துடுப்புக்குள் அவசரத்துக்கான சுக்கான் நிலையமே இருந்தது. கப்பல் எரிந்தபோது அதற்குள் இருந்த நான்கு பணியாளர்களும் உயிர் பிழைத்தார்கள். நான்கு துடுப்புகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கிறதா என்பதை வாலுக்குப் பின்னாலிருந்து, பசை இறுகும் முன் பார்த்துவிடுங்கள். அரை டிகிரி சாய்வும் அந்தக் கோணத்தில் தெரியும்.

எஞ்சின் கார்களில், அதாவது உடலுக்கு வெளியே கம்பிகளில் நிற்கும் எஞ்சின் கூடுகளில், அடிக்கடி நடப்பது விசிறியைத் தலைகீழாக மாட்டுவது. நான்கு டெய்ம்லர்-பென்ஸ் டீசல் எஞ்சின்களின் விசிறிகளும் காரின் பின்புறத்தில் இருந்து கப்பலைத் தள்ளியவை. பிளேடின் குவிந்த பக்கம் முன்னால், காரைப் பார்த்து இருக்க வேண்டும், தட்டைப் பக்கம் பின்னால். உண்மையில் ஆறு மீட்டர் விட்டம் கொண்ட விசிறி இங்கே எட்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதால் கிட்டில் வரும் பிளேடுகள் துடுப்புக் கட்டை மாதிரித் தடித்திருக்கும். இருபுறமும் தேய்த்து மெலிதாக்க வேண்டும். காரைத் தாங்கும் கம்பிகளைத் தேய்ப்பதைவிட வெட்டிவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியோ இழுத்த ஸ்ப்ரூவோ வைத்து மாற்றுவது சுலபம். பெரிய அளவில் வரும் கிராஃப் செப்பலினில் இந்த மாற்றம் இன்னும் நன்றாக எடுபடும்: 1/245இல் ஒரு மில்லிமீட்டர் கம்பி என்பது 24 சென்டிமீட்டர் தூண். கார்களைத் தனியாக வண்ணம் அடித்து, டீகலும் கடைசி வார்னிஷும் முடிந்த பிறகே உடலில் ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் மாடலைக் கையில் பிடித்துத் திருப்பும்போது முதலில் உடைவது அவைதான்.